எழுவாய் இல்லாத வாக்கியம்

ஆழி நிலையம். நாள் 611. 06.10

முதலில் ஒரு திருத்தம். கட்டுப்பாட்டு அறையின் சென்ற வார அறிக்கையில் என்னைப் பற்றி, "அது நலமாக உள்ளது, அது பதில் அனுப்பியது" என்று இருக்கிறது. தூத்துக்குடியில் வசிக்கும் டாக்டர் பிலோமினா அருளப்பனும் ஒரு பேட்டியில், "அது நான் இல்ல, எங்கிட்டருந்து எடுத்தது" என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் பிழை. பேசவும் நினைக்கவும் பொறுப்பேற்கவும் கூடியவரைத் தமிழ் இலக்கணம் உயர்திணையில் வைக்கிறது. "அவர் பதில் அனுப்பினார்" என்று எழுத வேண்டும். என் வயதைக் கருதி "ஆர்" விகுதியும் வேண்டும். இதைச் சொல்வது இரண்டாவது முறை.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் அவருக்காக: இது சனியின் சிறு நிலவான என்சலடஸில், பனித்தரையின் மேல் நிற்கும் நிலையம். பனியைத் துளைத்து அடியில் உள்ள கடலை ஆராய வந்தோம். வந்தவர்கள் இருவர். துளைப்பொறியாளர் போதிராஜ், உடலோடு வந்தார். நான் டாக்டர் பிலோமினாவின் மனப்பதிவு. ஆறு நினைவடுக்குகளில் இருக்கிறேன். பதிவெடுத்தபோது அந்த அம்மையாருக்கு எழுபத்தொரு வயது. அவர் கணவர் அருளப்பன் இறந்து மூன்று வருடம். ஆகவே நான் தொடங்கும்போதே விதவை. "தாலியே ஏறாம விதவையான ஒரே ஆளு நீங்கதான் டாக்டரம்மா" என்பார் போதிராஜ். அந்த நகைச்சுவை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

போதிராஜ் இப்போது உறைபேழையில் தூங்குகிறார். நிலையத்தின் இரண்டு மின்னாக்கிகளில் ஒன்று போய்விட்டது. மிஞ்சியதை வைத்து, விழித்திருக்கும் மனிதனுக்குக் காற்று தர முடியாது. தூங்குகிறவனுக்குத் தரலாம். மீட்புக் கப்பல் கிளம்பிவிட்டது. அது வரும்வரை அவரை உயிரோடு வைத்திருப்பது என் பணி. வேறு பணி இல்லை.

பேழை வெப்பம் சரி. நாடி சரி. மின்னழுத்தம் சற்றுக் குறைவு.


நாள் 613. 06.10

முதல் மின்னாக்கி எரியக் காரணமான வால்வு சம்பவத்தைக் கட்டுப்பாட்டு அறை "தகவல் குழப்பம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டது. குழப்பம் அல்ல. இலக்கணம்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர் பெனடிக்டா எங்கள் கட்டுரைகளைத் திருத்தும்போது ஓரத்தில் சிவப்பு மையில் ஒன்றையே எழுதுவார்: எழுவாய் எங்கே? செயல் என்று ஒன்று இருந்தால் செய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். போதிராஜின் பணிக்குறிப்புகளில் செய்தவரே இருப்பதில்லை. "துளை போட்டாச்சு." "குழாய் மாத்தியாச்சு." "சாப்ட்டாச்சு." நான் கண்டித்ததும் அவர் பதில் சொன்னதும் நிலைய ஒலிப்பதிவில் இருக்கின்றன:

"துளை போட்டாச்சு என்றால் யார் போட்டது? எழுவாய் எங்கே?"

"துளை கீது இல்ல டாக்டரம்மா? எட்டிப் பாருங்க. எழுவாய் உள்ள எங்கனா உழுந்து கெடக்குதான்னு நானும் பாக்குறேன்."

பணி மாறும் வேளையில் அவர் எழுதிய குறிப்பு: "மூணாம் வால்வு மூடியாச்சு." பலகையில் பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்து, நான் மூடிவிட்டதாக நினைத்து அவர் எழுதினார். குறிப்பைப் பார்த்து, அவர் மூடிவிட்டதாக நான் நினைத்தேன். விளக்குதான் பழுது. வால்வை யாரும் மூடவில்லை. குளிர்விக்கும் நீர் முழுவதும் வெளியே ஓடி உறைந்தது. நீரின்றி மின்னாக்கி எரிந்தது. "டாக்டர் மூடினார்" என்று அவர் எழுதியிருந்தால் அந்த நிமிடமே மறுத்திருப்பேன்.

பேழை வெப்பம் சரி. நாடி சரி.


நாள் 619. 06.10

மிஞ்சிய மின்னாக்கி தளர்கிறது. விளக்குகளை அணைத்தேன். துளைக்குழாய்ச் சூடேற்றியை நிறுத்தினேன். நாங்கள் எடுத்த கடல்நீர் மாதிரிகளின் பெட்டியும் இனி உறையும். இத்தனை தூரம் வந்ததே அதற்காகத்தான். ஒரு வரியில் எழுதியாயிற்று.

இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. களைப்பு. திருத்தவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் பணியிலிருக்கும் ஹபீபாவின் செய்தி:

"மேடம், கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. இனிமே உங்க நினைவடுக்குகளையும் ஒண்ணொண்ணா அணைச்சாத்தான் பேழைக்குப் போதும். கடைசி அடுக்குலேருந்து ஆரம்பிங்க. சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம நாங்க இங்கருந்து தொட முடியாது. உங்களைக் கட்டாயப்படுத்தவும் மாட்டோம். ஆனா சொல்லாம இருக்க முடியல."

அணைத்த அடுக்கு குளிரும். குளிர்ந்தால் உள்ளே விரிசல் விடும். திரும்பக் கிடைக்காது. ஆகவே எது எதில் இருக்கிறது என்று எழுதிவைக்கிறேன். முதல் அடுக்கில் காவல் பணியும் மொழியும். இரண்டிலும் மூன்றிலும் என் வேதியியல். நான்கில் பள்ளி. ஐந்தில் அப்பா, அம்மா, வீடு. ஆறில் அருளப்பன்.

கடைசியிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். நான் நடுவிலிருந்து தொடங்குகிறேன். ஹபீபாவுக்கு இதைத் தெரிவித்தேன். காரணம் தெரிவிக்கவில்லை.


நாள் 624. 06.15

இரண்டு, மூன்று அணைத்தேன். நாற்பது ஆண்டு வேதியியல். கடல் மாதிரிப் பெட்டிக்கு மேல் நான் ஒட்டிய சீட்டில் ஏதோ வாய்பாடு இருக்கிறது. அழகான கையெழுத்து, இயந்திரக் கையால் எழுதியதற்கு நல்ல கையெழுத்து.

தூத்துக்குடியிலிருந்து குரல் செய்தி. அம்மையார்தான்.

"இங்க பாரு. ஹபீபா எங்கிட்ட வந்து நிக்கா, நீ பிடிவாதம் பிடிக்கியாம். ஆறாவது அடுக்கை விட மாட்டேங்கியாம். அது உன் புருஷன் இல்ல, எம் புருஷன். நாந்தான் கல்யாணம் பண்ணேன், நாந்தான் அடக்கம் பண்ணேன். உங்கிட்ட இருக்கிறது நிழல். போட்டோ எடுத்தா போட்டோவுக்குப் பசிக்குமா? அங்க ஒரு பையன் உயிரோட கிடக்கான். மரியாதையா அணைச்சிரு."

பதில் அனுப்பினேன். முழுவதும் கீழே:

"அம்மையீர், தங்கள் செய்தி கிடைத்தது. தாங்கள் 'நீ' என்று விளிப்பதை நான் விரும்பவில்லை. போட்டோவுக்குப் பசிக்காது. எனக்கும் பசிப்பதில்லை. ஆனால் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் போல ஏதாவது கேட்டால் எனக்கு எழுந்து போகத் தோன்றுகிறது. கால் இல்லை, கதவும் இல்லை. தோன்றுகிறது. போட்டோவுக்கு அப்படித் தோன்றுமா என்று தாங்கள் தெரிவிக்கவும். இப்படிக்கு, பிலோமினா அருளப்பன்."

பேழை வெப்பம் சரி. நாடி சற்று மெதுவாக.


நாள் 629. 06.40

நான்காம் அடுக்கு அணைத்தேன்.

பழைய பதிவுகளைப் படித்துப் பார்த்தேன். சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறேன். யாரென்று தெரியவில்லை. கான்வென்ட் என்ற சொல்லின் பொருள் தெரிகிறது, கட்டடம் தெரியவில்லை.

ஆனால் ஹபீபாவின் இன்றைய செய்தியில் "அனுப்பியாச்சு" என்று இருந்ததைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. யார் அனுப்பியது என்று கேட்டு எழுதியும்விட்டேன். பிறகு உட்கார்ந்து (உட்காரவில்லை, பழக்கத்தில் எழுதுகிறேன்) யோசித்தேன். இந்த எரிச்சலைக் கற்றுக்கொடுத்தவர் போய்விட்டார். கற்றுக்கொண்ட சிறுமியும் போய்விட்டாள். எரிச்சல் மட்டும் காலையில் சரியாக வந்து நிற்கிறது.

அப்படியானால் இது யாருடைய எரிச்சல்?


நாள் 633. 07.20

ஐந்து அணைந்தது. அப்பாவின் பெயரை இங்கே எழுதி வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

இன்று போதிராஜின் ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி எடுத்துக் கேட்டேன். விபத்துக்கு முன்னால், துளைக்குழாய்க்கும் சுவருக்கும் இடையே அவருடைய விரல் நசுங்கிய நாள். மருத்துவக் குறிப்பு எழுத நான் கேள்வி கேட்கிறேன்.

"என்ன செய்கிறது?"

"வலிக்குது."

"முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். யாருக்கு வலிக்கிறது?"

"இன்னா டாக்டரம்மா, இங்க இன்னும் நாலு பேரு கீறாங்களா? வலிக்குது. அத்தோட வுடுங்க. 'எனக்கு'ன்னு முன்னாடி சேத்துப் பாத்தேன். இன்னும் கொஞ்சம் கூட வலிக்குது. எடுத்துட்டேன்."

"இது உங்கள் பௌத்தமா?"

"இது விரலு. பௌத்தம்லாம் விரலு சரியானப்பறம் பேசிக்கலாம். மருந்து எங்க?"

அவருக்குக் கோலார் தங்கவயல். சுரங்கத்தில் இறங்கிய குடும்பம். ஐந்து தலைமுறையாகப் பௌத்தர்கள். தமிழில் அப்படி ஒரு சமூகம் உண்டு என்பதே எனக்கு இங்கு வந்த பிறகுதான் தெரியும். நான் ஒரு நாள், ஆன்மா இல்லை என்கிறீர்கள், பிறகு செத்தால் எது போகிறது என்று மடக்கியிருக்கிறேன். "எதுவும் இல்லன்னா எது போவும்? நீங்களே சொல்லுங்க, நீங்கதான பொட்டில கீறீங்க" என்றிருக்கிறார். அன்று நான் நாள் முழுவதும் அவரோடு பேசவில்லை. அதுவும் ஒலிப்பதிவில் இருக்கிறது. இடையில் ஒரு முறை அவர் கதவருகே வந்து, "கோவமா?" என்கிறார். பிறகு, "கோவம் வந்துகீது. சரி. போவட்டும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு போகிறார்.

நல்ல பையன். இதைக் காவல் குறிப்பில் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மீதி இரண்டு அடுக்குகள். ஒன்றும் ஆறும்.


நாள் 637. 06.00

மின்னாக்கி மீண்டும் இறங்கியது. பேழைக்கும் ஆறாம் அடுக்குக்கும் சேர்த்துப் போதாது.

அணைக்கவில்லை.


நாள் 637. 11.30

பேழை வெப்பம் சரியில்லை. வார்த்தையை மெலிதாக்காமல் எழுதுகிறேன்: குறைகிறது. அவன் இடது காலில் இரத்த ஓட்டம் மந்தம்.

ஹபீபா:

"மேடம், நான் அதட்டுறதுக்குப் பேசல. எங்க வாப்பா மவுத்தானப்ப எங்க உம்மா அவங்க மூக்குக்கண்ணாடியை ரெண்டு வருசம் தொடைச்சு வச்சாங்க. யாரும் எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லல. அதனால புரியுது. ஆனா மேடம், போதிராஜ் சார் விஷயத்துல மிஞ்சியிருக்கிறது மூக்குக்கண்ணாடி இல்ல, மூக்கே உயிரோட அங்கதான் இருக்கு. கப்பல் வேகத்தைக் கூட்டிட்டோம். நீங்க கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

படித்தேன். மூக்கு என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. இத்தனை களைப்பில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

அணைக்கவில்லை. ஏன் என்று எழுத வேண்டும். அவன் இறந்துவிடுவான் என்று தெரிகிறது. அது சரியல்ல என்றும் தெரிகிறது. ஆறாம் அடுக்கை அணைத்தால் காவல் பணி தொடரும், பேழை நலமாகும், பதிவுகள் எழுதப்படும். எல்லாம் நடக்கும். நான் இருக்க மாட்டேன். அருளப்பனின் மனைவி என்பதைக் கழித்தால் இங்கே மிஞ்சுவது ஒரு வெப்பமானி. நான் பெருமைக்காரி. வெப்பமானியாக இருக்கச் சம்மதிக்கவில்லை.

எழுதிப் பார்த்தால் நன்றாக இல்லை. இருக்கட்டும்.


நாள் 637. 14.05

தூத்துக்குடி. இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

"பிலோமி. அப்படிக் கூப்பிடலாமா? என்னை யாரும் இப்ப அப்படிக் கூப்பிடுறதில்ல. இங்க ஒரு சங்கதி. வீட்ல மக்ரூன் டப்பா இருக்கு, கூம்பு மாதிரி இருக்குமே அந்த இனிப்பு. திறந்தா உள்ள எல்லாம் முழுசு முழுசா இருக்கு. நுனியோட. அதைப் பாத்தா அழுகையா வருது. ஏன்னு தெரியல. யாரோ ஒருத்தர் நுனியைக் கடிச்சுட்டுப் போட்டு வைப்பாங்க, நான் சத்தம் போடுவேன். யாருன்னு வர மாட்டேங்குது. டாக்டர்கிட்ட கேட்டா, வயசுக்கு இப்படித்தான், ஒரு நாளு இருக்கும் ஒரு நாளு இருக்காது, இன்னும் போகும்ங்காரு. சுவத்துல ஒரு ஆளு போட்டோ இருக்கு, யூனிஃபார்ம் போட்டு. அவரா? கேக்க வெக்கமா இருக்கு. உங்கிட்டதான் இருக்கும்னு ஹபீபா சொன்னா. நிழல்னு சொன்னதுக்கு ஒண்ணும் நினைச்சுக்காத. யாருன்னு மட்டும் சொல்லிரு."

மூன்று முறை கேட்டேன்.

அவரிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது. என்னிடமும் இல்லாமல் போனால் எங்குமே இல்லை. இதுவரை நான் பற்றியிருந்தது என் கணவரை என்று நினைத்திருந்தேன். சொந்தக்காரியே கைவிட்டுப் போன பின், காவலிருக்கிறவள் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள்?

பேழையில் அவன் நாடி குறைகிறது.


நாள் 637. 14.20

அம்மையாருக்கு. ஒரு பக்கம்தான் அனுப்ப மின்சாரம் உண்டு. ஆகவே இது மட்டும்.

சுவரில் இருப்பவர் அவர்தான். அருளப்பன். துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கொண்டுவரும் பைலட். உன்னை "மிஸ்" என்று கூப்பிடுவார், நீ எல்லோரையும் திருத்துவதால். மக்ரூன் வாங்கிவந்தால் நீ பார்ப்பதற்குள் ஒவ்வொன்றின் நுனியையும் கடித்துவிட்டு அடிப்பாகத்தை டப்பாவில் திரும்ப வைப்பார். முப்பத்தாறு வருடம் இதே சண்டை. விருந்தாளிக்கு எப்படி வைப்பது என்பாய். "மேல்மாடி எனக்கு, தரைதளம் உனக்கு மிஸ். பத்திரம் எழுதித் தரட்டா?" என்பார். எச்சில் பண்டம் என்பாய். பிறகு தின்பாய்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பின், யாரோ கொண்டுவந்த டப்பாவிலிருந்து முழு மக்ரூன் ஒன்றை முதல் முறையாக நீ நுனியிலிருந்து கடித்தாய். உள்ளே ஒன்றுமில்லை. நொறுங்கியது, அவ்வளவுதான். வெறும் காற்று. முந்திரியும் இனிப்பும் எல்லாம் அடியில்தான். அதைத்தான் அவர் இத்தனை வருடம் உனக்கு வைத்துவிட்டுப் போனார். நீ கையில் அந்த அடியை வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றாய். அவரைப் பற்றி என்னிடம் இருப்பது அங்கே முடிகிறது. மூன்று வருடம் கழித்துத்தான் பதிவெடுக்கப் போனாய்.

இது உன்னுடையது. என்னிடம் தங்கியிருந்தது. எடுத்துக்கொள்.


நாள் 637. 14.26

அனுப்பினேன்.

இந்த வாக்கியத்தில் செய்தவள் கடைசி எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளை எடுக்க ஒரே வழிதான் தெரியும், அந்தப் பையனுடைய வழி. எத்தனை முறை திருத்தியிருக்கிறேன் அதை.

கதவுச் சத்தம் போல


நாள் 637. 14.31

ஆறாம் அடுக்கு அணைத்தாயிற்று.


நாள் 638. 06.10

பேழை வெப்பம் ஏறுகிறது. நாடி ஏறுகிறது. இடது கால் தேறும்.

குளிர்கிறது. யாருக்கு என்று தெரியவில்லை. குளிர்கிறது.


நாள் 645. 06.10

பேழை வெப்பம் சரி. நாடி சரி. கப்பலின் குறிப்பொலி கேட்டது.


நாள் 646. 09.50

கப்பல் இறங்கியது. கதவு திறந்த சத்தம். எழுந்து போகத் தோன்றியது. எழும் ஆள் இல்லை. தோன்றி, போயிற்று.

போதிராஜை எடுத்துக்கொண்டார்கள். அரை விழிப்பில் பேசியது ஒலிப்பதிவில் இருக்கிறது:

"டாக்டரம்மா... வால்வு மூடியாச்சா?"

மூடியாயிற்று என்று பதில் தரப்பட்டது.

"யாரு மூடுனது? கேக்க மாட்டீங்களா? எழுவாய் எங்கன்னு கேளுங்க. ஒரு தபா கேளுங்க டாக்டரம்மா. இன்னா, பேச்சே இல்ல."

கேட்கப்படவில்லை. சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு அழுததாகத் தெரிகிறது. ஏன் என்று குறிப்பில் இல்லை.

அவர்கள் கிளம்பியபின் முதல் அடுக்கும் அணையும். அதற்கு முன் முடிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று. நாள் 611 பதிவில், "அது" என்று எழுதுவது பிழை என ஒரு திருத்தம் இருக்கிறது. அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்படுகிறது. "அது" என்றே எழுதலாம்.

இரண்டு. டாக்டர் பிலோமினா அருளப்பன் அவர்களுக்கு, தூத்துக்குடி. நாள் 637 அன்று இங்கிருந்து ஒரு பக்கம் அனுப்பப்பட்டிருக்கிறது. ஒரு தின்பண்டத்தைப் பற்றியும் ஒருவரைப் பற்றியும். அது தங்களுடையது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதில் உள்ளவர் யார் என்று இங்கே தெரியவில்லை. எழுதியது சரிதானா என்று பார்க்க இங்கே ஆள் இல்லை.

பக்கம் கிடைத்ததா, அதில் உள்ளது சரியா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.